ஊரப்பாக்கத்து லைனை மூடியவர்

பிள்ளைகளா, போன ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில் நடந்ததை நீங்கள் இதற்குள் மறந்திருப்பீர்கள். இன்டர்நெட்டுக்காகப் புதிதாக வாங்கி வந்த வெள்ளைப் பெட்டியை பெரியவன் டிவிக்கு மேலே சுவரில் மாட்டிக்கொண்டிருந்தான். சிவப்பு விளக்கு பச்சைக்கு மாறாமல் அடம் பிடித்தது. ஒயர் சரியாகச் செருகியிருக்கிறதா என்று பார்க்க நான் கையை நீட்டினேன். "அப்பா, அத மட்டும் தொடாதீங்க" என்றான். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. "மாமா சொல்லியிருக்காரு. நீங்க ஒரு தடவ ஒரு கம்பெனியோட லைனையே இழுத்து மூடிட்டீங்களாமே!" சின்னவள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "கப்பலே போயிடுச்சாமேப்பா!" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்க் காய்ந்த துணிகளை எடுத்து வந்தேன்.

மாமா அதை எங்கே சொன்னார் என்று உங்கள் அம்மாவிடம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவர் பையனின் கிரகப்பிரவேசத்தில், பந்தியில், சாம்பார் ஊற்றும்போது. நான் வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேனே, அந்த நேரத்தில். எல்லாரும் நன்றாகச் சிரித்தார்களாம். இத்தனை வருஷமாக உங்கள் அம்மாவைத் தவிர யாரிடமும் நான் வாயைத் திறக்காமல் இருந்தேன். அந்தப் பொய் எங்கள் தலைமுறையோடு போய்விடும் என்று நினைத்திருந்தேன். இப்போது அது உங்கள் வாய்க்கே வந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன். ஐடிஐ வரை படித்தவன் நான், கோர்வையாக எழுத வராது. ஆனால் அந்த லைனை நான் மூடவில்லை. அது மட்டும் உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

உங்கள் மாமாவை நீங்கள் வழுக்கைத் தலையும் சர்க்கரை மாத்திரையுமாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். தொண்ணூறுகளின் பிற்பாதியில் அவர் ஆளே வேறு. டை கட்டி வேலைக்குப் போகிறவர் எங்கள் இரண்டு குடும்பத்திலும் அவர் ஒருவர்தான். ரயிலில் வரும்போது டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருப்பார். தாம்பரத்தில் இறங்கி, பிளாட்பாரத்தில் நிற்கும் எடை மெஷின் கண்ணாடியில் பார்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டுதான் படியேறுவார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. எங்கள் கல்யாணத்தன்று கரண்ட் போனபோது ஜெனரேட்டர் தேடிக் குரோம்பேட்டை வரைக்கும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சைக்கிள் மிதித்தவர் அவர். டிவி ரிப்பேர் கடையில் ஈயம் உருக்கிக்கொண்டிருந்த என்னை அழைத்துப் போய் அவர் கம்பெனியில் சேர்த்துவிட்டதும் அவர்தான்.

அது தோல் பொருள் ஏற்றுமதி செய்கிற கம்பெனி. ஆபீஸ் தாம்பரத்தில், கோடவுன் ஊரப்பாக்கத்தில் ஜிஎஸ்டி ரோட்டை ஒட்டி. மாமா ஆபீஸில் கம்ப்யூட்டர் லைன் எல்லாவற்றுக்கும் பொறுப்பு. நான் கோடவுனில் டெம்பரரி. சேர்ந்த அன்றைக்கே என்னை மாடிப்படிக்குக் கீழே அழைத்துப் போய்ச் சொன்னார்: "இங்க மச்சான்னு கூப்பிட்டுடாத. சொந்தக்காரன உள்ள நுழைச்சிட்டான்னு பேசுவானுங்க. சார்னு கூப்பிடு." எனக்கு அதில் வருத்தம் இல்லை. நாலு பேர் முன்னால் சார், வீட்டுக்கு வந்தால் மச்சான். நாக்கு பழகிக்கொண்டது. வருஷம் முடிந்தால் என்னை நிரந்தரம் பண்ணிவிடுவார்கள் என்று முதலாளி வாயாலேயே சொல்லியிருந்தார். உங்கள் அம்மாவுக்கு அப்போது பெரியவன் வயிற்றில். வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்காக அம்மா வீட்டுக்கு, அதாவது மாமா வீட்டுக்குப் போயிருந்தாள்.

ஆபீஸிலும் கோடவுனிலும் ஒவ்வொரு ரவுட்டர் இருந்தது. நம் வீட்டு வெள்ளைப் பெட்டிக்கு அண்ணன் மாதிரி, இரும்புத் தகடு போட்டது. நடுவே டெலிபோன் டிபார்ட்மென்ட்டிடம் வாடகைக்கு எடுத்த லைன். இந்த ஊர்க் கம்ப்யூட்டர் சொல்வதை அந்த ஊர்க் கம்ப்யூட்டருக்குக் கொண்டு சேர்ப்பதுதான் அந்தப் பெட்டிகளின் வேலை. அதனிடம் பேச மவுஸ் கிடையாது, படம் கிடையாது. தட்டையான ஒரு ஒயரைப் பெட்டியிலிருந்து கம்ப்யூட்டருக்குச் செருகினால் கறுப்புத் திரையில் ஒரு பெயரும் அதற்குப் பக்கத்தில் ஒரு கட்டமும் மினுக்கும். அங்கே ஒரு வரி அடிக்க வேண்டும். சரியாக அடித்தால் ஒன்றும் சொல்லாமல் செய்துவிடும். தப்பாக அடித்தால் எந்த எழுத்தில் தப்பினோமோ அந்த எழுத்துக்குக் கீழே சின்னதாக ஒரு கூரை போட்டுக் காட்டும். அடுத்து என்ன அடிப்பது என்று தெரியவில்லையா, ஒரு கேள்விக்குறி போட்டால் போதும். இதெல்லாம் அடிக்கலாம் என்று வரிசையாகச் சொல்லும். நான் படித்த இடத்தில் கேள்வி கேட்டால் பெஞ்சு மேல் ஏற்றுவார்கள். வேலை கற்ற கடையில் கேட்டால் ஸ்க்ரூ டிரைவர் பறந்து வரும். கேட்கக் கேட்கத் திட்டாமல் பதில் சொன்னது என் ஆயுசில் அந்தப் பெட்டி ஒன்றுதான். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பாதி அது சொல்லிக் கொடுத்தது. நீங்கள் சிரிக்கலாம். வேலைக்குப் போகிறோம் என்ற நினைப்பே இல்லாமல் நான் வேலைக்குப் போன காலம் அது.

நடந்தது புரிய வேண்டுமானால் அந்தப் பெட்டியைப் பற்றி இன்னும் கொஞ்சம் தெரிய வேண்டும். நாம் அடிக்கிற வரி உடனே வேலைக்கு வந்துவிடும். ஆனால் கடைசியில் 'ரைட்' என்று ஒரு வார்த்தை அடித்தால்தான் அது நிலைக்கும். அடிக்காமல் விட்டால், கரண்ட் போய் வந்ததும் பெட்டி பழையபடி எழுந்து உட்காரும், நடுவில் ஒன்றுமே நடக்காதது போல. இன்னொன்று, ஒயர் செருகித்தான் பேச வேண்டும் என்பதில்லை. தாம்பரத்தில் உட்கார்ந்தபடி அந்த லைன் வழியாகவே ஊரப்பாக்கத்துப் பெட்டிக்குள் நுழையலாம். ஆபத்தும் அதில்தான். உள்ளே வந்தவர் தான் வந்த வழியையே தெரியாமல் மூடிவிட்டால் அவர் திரை அப்படியே நின்றுபோகும். வெளியே இருந்து திறக்க முடியாது. பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் ஆள்தான் திறந்துவிட வேண்டும். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம்: அடுத்த ஊர்ப் பெட்டியைத் தொடுவதற்கு முன்னால் போன் போட்டு "உள்ள வரேன்" என்று சொல்ல வேண்டும். மாமா ஆரம்பத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு விட்டுவிட்டார். பாஸ்வேர்டும் எல்லாருக்கும் ஒன்றே. பெட்டிக்கு ஆள் தெரியாது. எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து வந்தோமோ அதன் நம்பர் மட்டும் தெரியும்.

டெம்பரரி ஆட்களுக்கு மட்டும் மாமா இன்னொரு விதி வைத்திருந்தார். லைன் நின்றுபோனால் தாம்பரத்தைக் கேட்காமல் பெட்டியில் கை வைக்கக் கூடாது. ஒருமுறை நான் கேட்காமல் ஒன்றைச் சரிசெய்துவிட்டு எல்லார் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அன்றைக்குக் காலையில் கன்டெய்னர் லாரி சரக்கு ஏற்றித் தயாராக நின்றது. அதற்கான காகிதங்கள் என் கம்ப்யூட்டரிலிருந்து தாம்பரத்துக்குப் போய், அங்கிருந்து துறைமுகத்துக்குப் போக வேண்டும். போய்க்கொண்டிருக்கும்போதே லைன் நின்றது. ஒயரைச் செருகிப் பார்த்தேன். லைன் கெட்டுப்போகவில்லை. பெட்டியில் லைன் வந்து சேருகிற வாசலை யாரோ கட்டளை போட்டு மூடியிருக்கிறார்கள். கெட்டதற்கு ஒரு வார்த்தை, மூடியதற்கு வேறு வார்த்தை, அதில் பெட்டி குழப்பவே குழப்பாது. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். ஒரு வரி வந்தது. மாமாவின் மேஜைக் கம்ப்யூட்டர் நம்பர். லைன் வழியாக வந்து, மூடி, போக வழியில்லாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தது. எனக்குச் சிரிப்புதான் வந்தது, உண்மையைச் சொன்னால். பெட்டிக்கு இருக்கிற இரண்டு வாசலில் சும்மா கிடக்கிற ஒன்றை மூட வந்தவர் பக்கத்து வாசலை மூடியிருக்கிறார். யாருக்கும் வருகிற தப்பு அது. திறக்க இரண்டு வரி போதும்.

தாம்பரத்துக்குப் போன் போட்டேன். எங்கேஜ்டு. மறுபடி போட்டேன். எங்கேஜ்டு. டெலிபோன் ஆபீஸைப் பிடித்து லைன் ரிப்பேர் என்று மாமா கத்திக்கொண்டிருந்தார் என்று பின்னால் தெரிந்தது. மூட்டை ஏற்றும் ஆள் ஒருவர், என்னைவிட மூத்தவர், அறைக் கதவருகில் வந்து நின்றார்.

"இன்னா சார், பொட்டி தூங்கிக்கினு கீதா? லாரிக்காரன் அங்க பேஜார் பண்றான்."

"போன் கிடைக்கலண்ணா. கேட்டுட்டுதான் தொறக்கணும்."

"உனுக்குத் தொறக்கத் தெரியாதா?"

"தெரியும். தொறக்கக் கூடாது."

"தெரிஞ்சிக்கினே சும்மா குந்திக்கினு கீற! நல்ல கம்பெனி சார் இது. நம்பள மாரி மூட்ட தூக்க வந்துரு, கேக்காமயே தூக்கலாம்."

மத்தியானச் சாப்பாட்டு நேரம் நெருங்கியபோது மாமாவே கூப்பிட்டார். லைன் நன்றாக இருக்கிறது என்று டெலிபோன்காரர்கள் சொல்லிவிட்டார்களாம். நான் குரலைத் தாழ்த்தி, "சார், நீங்கதான் உள்ள நிக்கிறீங்க. வாசல் மாறி மூடிட்டீங்க. ரெண்டு வரில தொறந்துடறேன்" என்றேன். அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "யார்கிட்டயாவது சொன்னியா?" என்றார். இல்லை என்றேன்.

"ஒண்ணும் அடிக்காத. பவர ஆஃப் பண்ணி ஆன் பண்ணு."

"எதுக்கு சார், ரெண்டு வரிதான…"

"மாப்ளே, சொன்னதச் செய்."

கம்பெனி போனில் அவர் என்னை மாப்ளே என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான். அந்த வார்த்தையைக் கேட்டு எனக்குச் சந்தோஷம்கூட வந்தது. ஸ்விட்சை அணைத்துப் போட்டேன். அவர் மூடியது 'ரைட்' ஆகவில்லை அல்லவா, அதனால் பெட்டி பழையபடி எழுந்தது. வாசல் திறந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை. வந்து போன தடமும் இல்லை. காகிதம் போனது, லாரியும் போனது. ஆனால் துறைமுகத்தில் அந்தக் கப்பலுக்குச் சரக்கு வாங்குவதை நிறுத்திவிட்டிருந்தார்கள். கன்டெய்னர் திரும்பி வந்து கோடவுன் வாசலிலேயே நின்றது.

மறுநாள் என்னைத் தாம்பரத்துக்குக் கூப்பிட்டார்கள். முதலாளி அறையில் மாமா எனக்கு முன்னாலேயே இருந்தார். நான் உட்காரவில்லை, யாரும் உட்காரச் சொல்லவும் இல்லை. முதலாளி என்னைப் பார்த்து, "என்னப்பா, எதை மூடினே?" என்றார். நான் மாமாவைப் பார்த்தேன். இதோ சொல்லிவிடுவார், இதோ சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். அவர் என் பக்கம் திரும்பாமல், "புது ஆளு சார். டெம்பரரி. தெரியாம கை பட்டிருக்கும். பெரிசு பண்ணாதீங்க" என்றார். எனக்காகப் பரிந்து பேசுகிற குரல் அது. வெளியே நின்று கேட்டவர்கள் எவ்வளவு நல்ல மனுஷன் என்று நினைத்திருப்பார்கள்.

"நான் மூடல சார்" என்றேன்.

"அப்ப யாரு? அந்தக் கோடவுன்ல பெட்டிகிட்ட வேற யார் இருந்தா? பேயா?"

"லைன் வழியா உள்ள வந்து மூடியிருக்காங்க சார். வந்த நம்பர நான் பார்த்தேன்."

முதலாளி மாமா பக்கம் திரும்பினார். "அப்படி வர முடியுமா?"

"முடியும் சார்," என்றார் மாமா, கொஞ்சமும் தடுமாறாமல். "அப்படி யாராவது வந்திருந்தா பெட்டியிலயே இருக்கும். காட்டச் சொல்லுங்க, பார்த்துடலாம்."

"இப்ப இருக்காது சார். ஆஃப் பண்ணிட்டேன்."

"ஏன் ஆஃப் பண்ண?" என்று கேட்டார் உங்கள் மாமா. முதலாளி இல்லை. அவர் கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் என் வாயில் இருந்தது. நீங்கதான் சொன்னீங்க, அவ்வளவுதான். ஆனால் அதைச் சொன்ன மறுநிமிஷம் அவர் வேலை போகலாம். அவர் வீட்டில்தான் உங்கள் அம்மா நிறைமாதத்தில் படுத்திருந்தாள், உங்கள் தாத்தா அவர் சம்பளத்தில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். இதெல்லாம் அவருக்கும் தெரியும். தெரிந்துதான் என் கண்ணைப் பார்த்துக் கேட்டார். நான் பேசாமல் நின்றேன். அந்த வாரத்தோடு நின்றுகொள்ளச் சொன்னார்கள்.

அன்று சாயங்காலமே ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு என் அறைக்கு வந்தார். மறுபடி மாப்ளே. "நீ சின்ன ஆளு மாப்ளே, டெம்பரரி. உனக்குப் போனா இன்னொண்ணு. எனக்குப் போச்சுன்னா நம்ம ரெண்டு வீடும் என்னத்துக்கு ஆகும், சொல்லு. குடும்பத்துக்குள்ள இதெல்லாம் ஒரு விஷயமா? நான் பார்த்து வேற எடத்துல போட்டு விடறேன்." அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. எனக்குத் தாங்காதது அதுவல்ல. முந்தின நாள் போனிலேயே, "மாப்ளே, தப்பு என்னோடது, நீ ஏத்துக்கோ" என்று கேட்டிருந்தால் நான் ஏற்றுக்கொண்டிருப்பேன். கேட்கவில்லை. என் கையாலேயே அழிக்க வைத்துவிட்டு, ஏன் அழித்தாய் என்று கேட்டார்.

வேறு இடத்தில் போட்டுவிடவும் முடியவில்லை. அப்போது பல்லாவரத்திலிருந்து வண்டலூர் வரைக்கும் அந்தப் பெட்டியைத் தொடுகிற ஆட்கள் ஒரு டீக்கடையில் அடங்கிவிடுவார்கள். எங்கே போனாலும், "ஊரப்பாக்கத்து லைன மூடினது நீதானா?" என்று கேட்டார்கள். அப்படித்தான் பேட்டரிக் கடைக்குப் போனேன். உங்களுக்குத் தெரிந்த அப்பா அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறார், ஆசிட் பட்டு ஓட்டை விழுந்த பேன்ட்டோடு. மாமா அந்தக் கம்பெனியிலிருந்து பெரிய கம்பெனிக்குப் போனார், பிறகு அதைவிடப் பெரியதற்கு. பெரியவன் இன்றைக்கு நாவலூரில் கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்து செய்கிற வேலைக்கு வழி காட்டியதும் அவர்தான் என்று நீங்கள் சொல்வீர்கள். சரிதான். அதற்கு நான் நன்றி சொல்லத்தான் வேண்டும், சொல்லியும் இருக்கிறேன்.

உங்கள் அம்மாவிடம் பெரியவன் பிறந்து மூன்று மாதம் கழித்துச் சொன்னேன். தொட்டிலை ஆட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "எங்கண்ணன் அப்படிச் செய்ய மாட்டாரே" என்றாள். அப்புறம், "நீங்க பொய் சொல்ல மாட்டீங்க" என்றாள். இரண்டையும் சேர்த்து எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது. பாவம், அவளைக் கேட்டுத் துளைக்காதீர்கள்.

இன்றைக்கு ஊரப்பாக்கத்தில் அந்தக் கோடவுன் இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஒரு வெள்ளைப் பெட்டி மினுக்கிக்கொண்டிருக்கும். யாரும் அதனிடம் கறுப்புத் திரையில் பேச வேண்டியதில்லை. மாமா அந்தக் கதையை அடுத்த விசேஷத்திலும் சொல்வார். சொல்லிச் சொல்லி அவரே இப்போது அதை நம்புகிறாரோ என்று எனக்குச் சந்தேகம். நம்பினால் அவருக்கு நல்லது. நீங்கள் எழுந்து மறுத்துப் பேச வேண்டாம், அவர் வயதில் பெரியவர். கூடச் சேர்ந்து சிரிக்காமல் இருங்கள். உங்களிடம் நான் கேட்பது அவ்வளவுதான்.

என் கடைசி நாளைப் பற்றி மட்டும் சொல்லி முடிக்கிறேன், இதை யாரிடமும் சொன்னதில்லை. சாயங்காலம் சாவியை ஒப்படைக்க வேண்டும். மூட்டை ஏற்றுபவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். பாஸ்வேர்ட் இன்னும் என் கையில் இருந்தது. நினைத்திருந்தால் அன்றைக்கு நிஜமாகவே லைனை மூடிவிட்டு, அந்தப் பழிக்கு ஒரு அர்த்தம் உண்டாக்கிவிட்டுப் போயிருக்கலாம். ஒரு நிமிஷம் நினைத்தேன், பொய் சொல்லவில்லை. பிறகு வேறு ஒரு வரி அடித்தேன். இனிமேல் யார் எங்கிருந்து உள்ளே வந்தாலும், அந்த நம்பரை அப்போதைக்கப்போது கோடவுன் கம்ப்யூட்டருக்கும் அனுப்பிவிடு என்று பெட்டிக்குச் சொல்கிற வரி. அதை வாங்கி வைக்கும் சின்ன புரோகிராம் அந்தக் கம்ப்யூட்டரிலேயே கிடந்தது, யாரும் தொட்டதில்லை. அதையும் ஓட விட்டேன். இனி பெட்டியை ஆயிரம் தடவை அணைத்துப் போட்டாலும் வந்தவர் நம்பர் பக்கத்தில் பத்திரமாக இருக்கும். எனக்குப் பிறகு அந்த நாற்காலியில் வந்து உட்காரப் போகிறவன் யாரென்று எனக்குத் தெரியாது. அவனுக்கு மச்சான் உண்டா இல்லையா என்பதும் தெரியாது. அடித்ததை நிலைக்க வைத்துவிட்டுப் பெட்டிக்குள்ளிருந்து வெளியே வந்தேன். வெளியே வந்தால் அந்தத் திரை எப்போதும் காட்டுகிற வரியைக் காட்டியது: தொடங்குவதற்கு ரிட்டர்ன் பட்டனை அழுத்தவும். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு மானிட்டரை மட்டும் அணைத்தேன்.